கடுவன் நனைத்த பெயர்த்தகடு

அனுப்புநர்
வீட்டின் மூத்த பெண்மணி,
(தெருவில் "தகட்டு வீட்டம்மா" என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்)
கதவிலக்கம் 11, தரைத்தளம்,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து.

பெறுநர்
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
நகராட்சி வட்ட அலுவலகம்.

பொருள்: எங்கள் வாசலில் தெருப்பூனை ஒன்று சிறுநீர் பீய்ச்சுவதைத் தடுக்க உதவி கோருதல் – தங்கள் அலுவலகப் பலகையில் உள்ள எங்கள் வீட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு படம் ஒட்டக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்திலிருந்து எங்கள் கதவிடுக்கில் செருகப்பட்ட எச்சரிக்கை அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இந்த மனுவை நானே என் கையால் எழுதுகிறேன். கணினியில் அடித்துத் தருவதாக வீட்டில் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். எழுத்தில் பிழை இருந்தால் அது என்னைச் சேரும். விஷயத்தில் பிழை இல்லை.

1. எங்கள் வீடு எப்படிப்பட்ட வீடு என்று தங்களுக்குத் தெரிய வேண்டும். எனக்குப் பேரப்பிள்ளைகள் நால்வர். மூத்த பேரன் கண் மருத்துவர். அவனிடம் கண் காட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து, "தம்பி, இப்பத்தான் என் மருமக முகமே சரியாத் தெரியுது" என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் அந்த வீடுகளில் சண்டை வந்ததா என்பது எனக்குத் தெரியாது. அடுத்தவள் பேத்தி, கணக்குத் தணிக்கையாளர். அந்தத் தேர்வை மூன்றாம் முறை எழுதித் தேறினாள். முதல் முறையே தேறியவர்களைவிட மூன்று மடங்கு படித்தவள் அவள் என்பது என் கருத்து. மூன்றாமவன் பாலம் கட்டும் பொறியாளர். அவன் கட்டிய பாலங்கள் எல்லாம் இன்றுவரை நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றில் இரண்டின் மேல் நானே நடந்து பார்த்தேன்.

நான்காவது எங்கள் சின்னவள். அவள் கனரக வாகன ஓட்டுநர். தங்கள் நகராட்சியின் குப்பை லாரியை ஓட்டுகிறாள். தங்கள் பணிமனையில் லாரி ஓட்டும் முதல் பெண் அவள்தான் என்பது தங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த லாரி எங்கள் சந்துக்குள் பின்புறமாக வந்து திரும்புவதைத் தாங்கள் ஒருநாள் பார்க்க வேண்டும். லாரிக்கும் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. முன்பு ஓட்டியவர் எங்கள் மூலைச் சுவரை இடித்து வைத்த காயம் இன்னும் இருக்கிறது. சின்னவள் வந்த பிறகு அந்தச் சுவரில் ஒரு கீறல் கிடையாது.

2. பிள்ளைகள் தேறியபோது தங்கச் சங்கிலி வாங்கிப் போட எங்களுக்கு வசதி இல்லை. அதனால் மூத்தவன் மருத்துவரானபோது ஒரு பித்தளைத் தகட்டில் அவன் பெயரையும் படிப்பையும் வெட்டி, வாசல் நிலைக்குப் பக்கத்தில் உள்ள சுவரில் திருகாணி போட்டுப் பதித்தேன். அதன் கீழே அடுத்தவள் தகடு. அதன் கீழே அடுத்தவன் தகடு. கதவுக்கும் மின்பெட்டிக்கும் நடுவில் ஒரு தகட்டின் அகலம்தான் சுவர் இருக்கிறது. அதனால் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது. மேலிருந்து கீழாக, பிறந்த வரிசையில் வைத்தேன்.

சின்னவளுக்குத் தங்கள் நகராட்சியில் வேலைக்கான ஆணை வந்த அன்றே எழுத்து வெட்டுபவரிடம் போனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஏம்மா, டாக்டருக்கு வெட்டினோம், ஆடிட்டருக்கு வெட்டினோம், சரி. இதுக்கெல்லாமா தகடு போடுவாங்க?" என்று கேட்டார். "உங்க வீட்டுக் குப்பையை டாக்டரா வந்து எடுக்கிறாரு?" என்று கேட்டேன். மற்ற மூவருக்கும் வெட்டிய அதே அளவில், அதே கனத்தில் வெட்டிக் கொடுத்தார். வாகனம் என்ற சொல்லில் எழுத்து கொஞ்சம் நெருக்கமாக விழுந்துவிட்டது. மற்றபடி குறை சொல்ல இடமில்லை.

என் மகன், அதாவது நால்வருக்கும் தகப்பன், வேலை முடிந்து வந்து அந்தத் தகட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது அவசியமா?" என்றான். அவசியம் என்றேன். அவன் நல்லவன்தான். ஆனால் கல்யாண வீட்டில் யாராவது பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் மூன்று பேரைச் சொல்லிவிட்டு, நான்காவதுக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். அதை நான் கவனித்திருக்கிறேன்.

நான்கு தகடுகளையும் தினமும் காலையில் நான்தான் துலக்குகிறேன். துலக்கும் பொடியும் பழைய பனியன் துணியும் போதும். மருமகள் உதவிக்கு வருவாள், விடமாட்டேன்.

3. இனி பூனை. அது பெரிய தலையும் கிழிந்த ஒரு காதும் உள்ள கடுவன் பூனை. யாருடைய வீட்டுப் பூனையும் அன்று. தெருப்பிள்ளைகள் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது ஓர் அரசுப் பதவியின் பெயர் என்பதால் இந்த மனுவில் எழுதவில்லை. அது பல காலமாக எங்கள் சந்தில் இருக்கிறது. யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்லை. சின்னவள் தகடு பதித்த பிறகுதான் இந்தப் புதுப் பழக்கம் தொடங்கியது. வாசற்படியில் ஏறும். உறுமும். பிறகு பின்புறத்தைத் திருப்பி, வாலை நட்டமாக நிறுத்தி, அந்தக் கடைசித் தகட்டின் மேலேயே பீய்ச்சிவிட்டு, ஏதோ முக்கியமான வேலையை முடித்ததுபோல் நடந்து போகும். வாடை கதவிடுக்கு வழியாக முன்னறைக்குள் வந்துவிடும். நாற்காலித் துணி, செருப்பு, செய்தித்தாள் எல்லாவற்றிலும் ஏறிவிடும்.

கழுவினேன். மறுபடி வந்தது. மறுபடி கழுவினேன். அது தகட்டின் மேல் விழுவதால் பித்தளை பச்சையாகப் பூக்கத் தொடங்கியது. அதனால் இன்னும் அழுத்தித் துலக்கினேன். மற்ற மூன்றைவிட அந்தத் தகடு அதிகம் பளபளத்தது. ஆனால் பூனை வருவது நிற்கவில்லை.

4. எங்கள் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். தணிக்கையாளர் பேத்தி எங்கெங்கோ படித்துப் பார்த்து, ஆரஞ்சுத் தோலை வாசல் முழுக்கப் பரப்பினாள். பூனைகளுக்கு அந்த மணம் ஆகாதாம். மற்ற பூனைகளுக்கு ஆகாமல் இருக்கலாம். எங்கள் கடுவன் அந்தத் தோல்களைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தன் காரியத்தைப் பார்த்தது. கண் மருத்துவர் தொலைபேசியில், "துணியைப் போட்டு மூடி வைங்க பாட்டி" என்றான். மற்ற மூன்றும் திறந்திருக்க ஒன்றை மட்டும் மூடி வைத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மூடவில்லை.

பாலம் கட்டும் பேரன் விடுமுறையில் வந்தபோது ஒரு கருவி செய்து வைத்தான். அசைவு தெரிந்தால் அது தானாகத் தண்ணீர் பீய்ச்சும். அது முதல் நாள் பால்காரரை நனைத்தது. அடுத்து மாடிவீட்டுக்காரரை நனைத்தது. பூனை எதிர்வீட்டு மதில் மேல் உட்கார்ந்து, தண்ணீர் எதுவரை போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தண்ணீர் எட்டாத பக்கமாகச் சுவரை ஒட்டி வந்தது. "கருவி சரியாத்தான் வேலை செய்யுது பாட்டி. பூனைதான் சரியான வழியில வரமாட்டேங்குது" என்று பேரன் சொன்னான். அவன் சொன்னதில் தப்பில்லை.

மாடிவீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நனைந்த கோபத்தில் அவர்தான் தங்கள் அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தார். தகவல் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் படிக்கட்டில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம், "வயசானவங்க இருக்கிற வீடு. வாடை எங்கிருந்து வருதுன்னு நம்ம வாயால சொல்ல முடியுமா?" என்று சொன்னார். ஜன்னலுக்கு உள்ளே நான் உட்கார்ந்திருந்தேன். என் துணிகளை இன்றுவரை நான்தான் துவைத்துக் காயப்போடுகிறேன். கொடி மாடியில்தான் இருக்கிறது. அவர் தினமும் அந்தக் கொடிக்குக் கீழே குனிந்துதான் போகிறார். இதற்குமேல் இந்த விஷயத்தில் எழுத விரும்பவில்லை.

5. தகவலின் பேரில் தங்கள் சுகாதார ஆய்வாளர் இரண்டு முறை வந்தார். முதல் முறை வந்தபோது மரியாதையாகப் பேசினார். "இதை வச்சு நல்லாக் கழுவுங்கம்மா" என்று சொல்லி, அலுவலகத்திலிருந்து காரமான நெடி அடிக்கும் தரை கழுவும் திரவம் ஒரு பெரிய புட்டி கொடுத்தார். சொன்னபடியே காலையும் மாலையும் கழுவினேன். பூனை முன்பு நாளுக்கு ஒரு முறை வந்தது. திரவம் போட்டுக் கழுவத் தொடங்கிய பிறகு இரண்டு முறை வந்தது.

இரண்டாம் முறை ஆய்வாளர் வந்தபோது பேரனின் கருவி அவரையும் நனைத்துவிட்டது. அதற்காக அன்றே மன்னிப்புக் கேட்டேன். சட்டையைக் கழற்றிக் கொடுத்தால் தேய்த்துத் தருவதாகச் சொன்னேன். அவர், "வேணாம்மா, வேணாம்மா" என்று சொல்லிக்கொண்டே, சொட்டச் சொட்ட நின்றபடி கைபேசியில் ஒரு படம் எடுத்தார். சற்று முன்புதான் பூனையும் வந்து போயிருந்தது. நான் துணியோடு வருவதற்குள் படம் எடுத்தாகிவிட்டது. சுவரில் வழியும் ஈரத்தில் பாதி பூனையுடையது, பாதி என் பேரனுடைய கருவியின் தண்ணீர். படத்தில் பிரித்துப் பார்க்க முடியாது.

6. அந்தப் படம்தான் இப்போது தங்கள் அலுவலக வாயிலில், "தூய்மைக் கேடான வீடுகள்" என்று தலைப்புப் போட்ட பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. நேரில் வந்து பார்த்தேன். மற்ற படங்களில் சாக்கடையும் குப்பை மேடும் இருக்கின்றன. எந்த வீடு என்று தெரியாது. எங்கள் படத்தில் மட்டும் மேலே உள்ள மூன்று தகடுகளும் வெட்டுப்பட்டுப் போயிருக்கின்றன. நான்காவது தகடு நட்ட நடுவில் இருக்கிறது. மஞ்சளாக வழியும் கோடுகளுக்கு நடுவில் சின்னவள் பெயரும், கனரக வாகன ஓட்டுநர், நகராட்சி என்ற எழுத்தும் ஒன்றுவிடாமல் படிக்கத் தெரிகின்றன. நான் நன்றாகத் துலக்கியதால்தான் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

ஐயா, அந்தப் பலகைக்குப் பக்கத்தில்தான் ஓட்டுநர்கள் காலையில் கையெழுத்துப் போடும் மேசை இருக்கிறது. சின்னவளோடு வேலை செய்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். கேலி செய்கிறவர்கள். "என்ன டிரைவரம்மா, லாரியை நேரா உங்க வீட்டுக்கே விட்டுடலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "விடுங்கப்பா, பேர் போட்ட வீடு. வழி தவறாது" என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். வேறு நாளாக இருந்தால் சின்னவள் அவர்கள் இருவரையும் வாயடைக்க வைத்திருப்பாள். என்னிடம் வளர்ந்தவள். அன்று சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறியிருக்கிறாள். இதை அவள் சொல்லவில்லை. அவளோடு லாரியில் போகும் தூய்மைப் பணியாளர் அம்மாள்தான் எங்கள் வீட்டுக் குப்பையை எடுக்க வந்தபோது என்னிடம் சொன்னார்.

அன்று மதியம் வேலை முடிந்து வந்த சின்னவள் சீருடைகூட மாற்றவில்லை. வண்டியின் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு திருப்புளியைக் கொண்டுவந்து வாசலில் குந்தி உட்கார்ந்து, தன் தகட்டின் திருகாணியில் வைத்தாள்.

"என்னடி பண்றே?" என்று கேட்டேன்.

"பாட்டி, மூணே போதும். வீட்டுக்கும் அழகா இருக்கும். நாலாவது இருக்கிறதாலதானே பூனை வருது."

"பூனை வருதுன்னு வீட்டையே இடிச்சிடலாமா?"

"வீட்டை இடிக்க வேணாம். என்னைக் கழட்டிட்டாப் போதும்" என்றாள்.

நான் திருப்புளியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அது நகராட்சிக்குச் சொந்தமான பொருள் என்று தெரியும். இந்த மனுவுக்கு முடிவு தெரிந்ததும் திருப்பித் தந்துவிடுகிறேன்.

மகன் உள்ளேயிருந்து வந்து, "அவளே சொல்றாளே அம்மா, விட்டுடுங்களேன்" என்றான். அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது குடும்ப விவகாரம். ஆனால் அன்றிலிருந்து அவன் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சின்னவள் வேறு பணிமனைக்கு மாற்றம் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறாள். நகரத்தின் அந்தக் கோடியில் உள்ள பணிமனைக்கு. அவளைத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. அந்த மனுவும் தங்கள் மேசைக்குத்தான் வரும் என்று நினைக்கிறேன். இரண்டும் சேர்ந்து வந்தால் என்னுடையதை முதலில் படிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

7. எங்கள் வாசலுக்குப் பூனை ஏன் வருகிறது என்பதற்கான காரணத்தை இப்போது தெரிவிக்கிறேன். இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். எங்கள் வீடு தூய்மைக் கேடான வீடு அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

தணிக்கையாளர் பேத்தி ஜன்னல் ஓரம் கைபேசியை வைத்து, பூனை வந்து போவதை முழுவதும் படம் பிடித்தாள். நானும் அவளும் அதை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். அங்கே உள்ள மருத்துவர் அம்மாள் பொறுமையாகப் பார்த்தார். பூனை படியேறுகிறது. தகட்டுக்கு எதிரே நிற்கிறது. முதுகு மயிர் சிலிர்க்கிறது. ஒரு காலைத் தூக்கித் தகட்டில் அறைகிறது. பிறகு திரும்பி நின்று பீய்ச்சுகிறது.

"வாசல்ல இவ்வளவு கீழ எதுக்குக் கண்ணாடி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"கண்ணாடி இல்ல டாக்டர், பித்தளைத் தகடு" என்றாள் பேத்தி.

"பித்தளையா! யாரு துலக்கறது?"

"நான்தாம்மா" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அதான் விஷயம். படியில ஏறினா அதோட முகம் அதுல தெரியுது. தன் இடத்துல வேற ஒரு கடுவன் வந்து உட்கார்ந்திருக்குன்னு நினைக்குது. இது என் இடம்னு அடையாளம் போட்டுட்டுப் போகுது. அடுத்த நாள் வந்து பார்த்தா அந்தப் பூனை இன்னும் அங்கேயேதான் இருக்கு. பாவம், அது என்னதான் பண்ணும்?" என்றார்.

திரவப் புட்டியையும் காட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்தவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அதில் அமோனியா இருக்கிறதாம். நமக்கு அது சுத்தத்தின் வாடை. பூனையின் மூக்குக்கு அது இன்னொரு பூனையின் சிறுநீர். ஆக, எங்கள் வாசலில் அந்தக் கடுவனுக்கு இரண்டு எதிரிகள் இருந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தவனை நான் துலக்கி வைத்தேன். மூக்குக்குத் தெரிந்தவனைத் தங்கள் அலுவலகம் புட்டியில் கொடுத்தது. ஆய்வாளர் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார். நானும் நல்ல எண்ணத்தில்தான் துலக்கினேன். அந்தப் பூனையும் தன் வீட்டைக் காக்கத்தான் பாடுபட்டது.

இதில் ஒன்றை மட்டும் அலுவலகப் பதிவில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு பூனை தன் முகத்தைப் பார்த்து எதிரி என்று ஏமாறும் அளவுக்குத் தகடு துலக்கப்பட்ட வீடு எங்கள் வீடு. இந்த வட்டத்தில் இன்னொரு வீட்டை அப்படிக் காட்டினால் நான் இந்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

8. மருத்துவர் அம்மாள் சொன்னபடி செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம். திரவத்தை நிறுத்திவிட்டு, சமையல் சோடாவும் வினிகரும் போட்டுக் கழுவுகிறோம். பேரனின் கருவியைக் கழற்றி, செடிகளுக்குத் தண்ணீர் விட வைத்துவிட்டோம். அங்கே அது நன்றாக வேலை செய்கிறது.

தகட்டை மங்க விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. எனக்குக் கை வரவில்லை. பூனை முகத்துக்கு எட்டாதபடி மேலே மாற்றலாம் என்றால், மூத்தவன் தகட்டுக்கு மேலே ஒரே ஒரு தகடு வைக்கத்தான் இடம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு படி ஏற்றலாம் என்றால், மற்ற மூன்றின் திருகாணிகளும் துருப்பிடித்து இறுகிவிட்டன. அப்படி வைத்தால் கடைசிப் பிள்ளை தலைமேல் வந்துவிடுகிறாள். பிறந்த வரிசை கலைகிறதே என்று யோசித்தேன். மூத்தவனைத் தொலைபேசியில் கேட்டேன். "என் தலைக்கு மேல அவ ஏறி உட்காருறது இன்னைக்கா நேத்தா பாட்டி? தூக்கி மேல போடுங்க" என்றான். அவன் மருத்துவரானபோது இருந்ததைவிட அந்தப் பேச்சைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அதிகம் நிறைந்தது.

சின்னவள்தான் ஒப்பவில்லை. "மேல போட்டா வரவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் படிப்பாங்க" என்றாள்.

"படிக்கத்தானேடி தகடு" என்றேன்.

திருகாணியைக் கழற்றி மேலே பதித்துக் கொடுத்தவன் என் மகன். நான் சொல்லவில்லை. நாற்காலி போட்டு ஏறி, நீர்மட்டம் பார்த்து, கோணலில்லாமல் பதித்தான். பதித்து முடித்ததும் தன் சட்டை நுனியால் ஒரு முறை துடைத்துவிட்டு இறங்கினான். சட்டையில் கறை பிடித்துவிட்டது என்று மருமகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது பூனை படியேறுகிறது. பழைய இடத்தில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறது. ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிறதோ என்னவோ, அங்கேயே படுத்துக்கொள்கிறது. எப்போதாவது பழைய ஞாபகத்தில் படி ஓரமாகப் பீய்ச்சுகிறது. முன்போல் இல்லை.

9. ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது:

(அ) அந்தக் கடுவனை நகராட்சி ஆட்கள் பிடித்துக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்ய வேண்டும். செய்தால் இந்தப் பழக்கம் அநேகமாக நின்றுவிடும் என்று மருத்துவர் அம்மாள் சொன்னார். அதற்கென்று தங்களிடம் ஒரு வண்டி இருப்பதாகவும் சொன்னார். புண் ஆறியதும் அதை எங்கள் சந்திலேயே கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். வேறு எங்காவது விட்டுவிடக் கூடாது. இது அதனுடைய இடம். அதை நிரூபிக்க அது போதுமான அளவு உழைத்துவிட்டது. பிடிக்கும்போது கிழியாத காதையும் கிழித்துவிடாமல் பிடிக்கச் சொல்லுங்கள்.

(ஆ) எங்கள் வீட்டின் பேரில் உள்ள எச்சரிக்கை அறிவிப்பை ரத்து செய்து, அதை எழுத்தில் தர வேண்டும். மாடிவீட்டுக்காரருக்கு ஒரு நகல் அனுப்பினால் நல்லது. அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. நான் படிக்கட்டில் ஒட்டிக்கொள்கிறேன்.

(இ) அந்தத் திரவப் புட்டி மற்ற வீடுகளுக்கும் கொடுக்கப்படுவதாகக் கேள்விப்படுகிறேன். பூனை வரும் வீடுகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

(ஈ) பலகையில் உள்ள படத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. எடுத்த இடம் வெறுமையாக இருந்தால், அங்கே என்ன இருந்தது என்று பார்த்தவர்களுக்கு ஞாபகம் வந்துகொண்டே இருக்கும். அதே ஆய்வாளரை அனுப்பி, அதே கைபேசியில், எங்கள் வாசலைப் புதிதாக ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். இந்த முறை அவர் நனையமாட்டார் என்பதற்கு நான் பொறுப்பு. நான்கு தகடுகளும் வெட்டுப்படாமல் விழும்படி கொஞ்சம் தள்ளி நின்று எடுக்க வேண்டும். காலை வெயில் சுவரில் விழும் நேரம் நல்லது. அப்போதுதான் துலக்கி முடித்திருப்பேன். பூனை படியில் படுத்திருந்தால் விரட்ட வேண்டாம். அதுவும் இருக்கட்டும்.

படத்தைப் பெரிதாக்கி, பழைய படம் இருந்த அதே பலகையில், கையெழுத்துப் போடும் மேசைக்கு நேராக ஒட்ட வேண்டும். "தூய்மைக் கேடான வீடுகள்" என்ற தலைப்பின் கீழ் அல்ல. அந்தத் தலைப்பைத் தள்ளி வைக்க இடமில்லை என்றால், பலகையின் மறுபாதிக்கு வேறு ஒரு தலைப்பு தாங்களே யோசித்துப் போடுங்கள். தாங்கள் படித்தவர்.

சின்னவள் இன்று வார விடுப்பில் இருக்கிறாள். உள்ளறையில் தூங்குகிறாள். இந்த மனு எழுதுவது அவளுக்குத் தெரியாது. அவளுடைய மாற்றல் மனு இன்னும் அவள் பைக்குள்தான் இருக்கிறது. இந்த வாரத்துக்குள் கொடுத்துவிடுவாள். அதற்கு முன்பு ஒருநாள், அவள் லாரியை எடுக்க வருவதற்கு முன்னால் அந்தப் புதிய படம் பலகையில் இருக்க வேண்டும். அவள் பேனாவை எடுக்கும்போது நிமிர்ந்து பார்க்கட்டும். அவளைக் கேலி செய்தவர்களும் பார்க்கட்டும்.

தாங்கள் குடியிருக்கும் தெருவும் அவள் லாரி ஓடும் வழியில்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். நெருக்கமான தெரு, வண்டி திருப்புவது கஷ்டம் என்றார்கள். அவளுக்குக் கஷ்டமில்லை. தங்கள் மதில் சுவரில் கீறல் ஏதும் இருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய படத்தின் கீழே விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். இன்னார் பேத்தி, இன்னார் தங்கை என்றும் எழுத வேண்டாம். அவள் பெயரும் அவள் தொழிலும் தகட்டிலேயே இருக்கின்றன.

ஆவன செய்வீர்கள் என்று காத்திருக்கும்,

(கையொப்பம்)
கண் மருத்துவர், கணக்குத் தணிக்கையாளர்,
பாலப் பொறியாளர், கனரக வாகன ஓட்டுநர்
ஆகியோரின் பாட்டி.

இடம்: எங்கள் வீட்டு முன்னறை
நாள்: திங்கட்கிழமை, காலை